இடக்கை முடிச்சு

அந்த அக்கா என் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படிக்குள் நுழைந்து, மேடைக்குக் கீழே இருந்த கூடையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒன்றாகக் கிடந்த கூடை. எந்த வீட்டில்தான் அப்படிக் கிடக்கவில்லை? ஒரே கடையில் வாங்குகிறோம், ஒரே பையில் கொண்டுவருகிறோம், ஒரே கூடையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

“இன்னா டீச்சர் இது, ரெண்டையும் ஒண்ணா போட்டு வெச்சிக்கீறீங்க? இது அதக் கெடுக்கும், அது இதக் கெடுக்கும். படிச்சவங்க வூட்லயே இப்பிடின்னா நாங்கல்லாம் இன்னா பண்றது?”

சொல்லிக்கொண்டே இரண்டையும் பிரித்து இரண்டு பக்கமாகக் குவித்தார். கிழங்கைப் பழைய துணிப்பையில் போட்டு, வெளிச்சம் படாத மூலையில், காற்று வருகிற மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தார். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் பரப்பினார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “லாரி ஆறு மணிக்குத்தானே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ் வீட்டுக்குக் குடிவந்து மூன்று நாள் ஆகவில்லை, என் அடுப்படியில் உட்கார்ந்து எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று. அதுவும் யாருக்கு? ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவளுக்கு. உருளைக்கிழங்கை வெட்டி அதன் மேல் அயோடின் சொட்டு விட்டு, அது கருநீலமாக மாறுவதைக் காட்டி, “இதுதான் மாவுச்சத்து” என்று வருடா வருடம் பிள்ளைகளை வாய்பிளக்க வைப்பவளுக்கு.

அந்தக் கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. இப்போது எனக்குள் இருப்பது வேறு கோபம், ஆறு வருடமாகியும் ஆறாதது. யார் யார் மேல் என்று சொல்கிறேன். பட்டியலின் கடைசியில் நானும் வருவேன்.

தாம்பரத்துக்கு மேற்கே, அப்போது நாங்கள் இருந்த தெருவில் அக்காவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொல்ல மாட்டார்கள். சண்டைக்காரி என்பார்கள். எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவர் இல்லை அவர். தண்ணீர் லாரியில் யாராவது குடத்தை முன்னால் நகர்த்தினால்கூட சும்மா இருப்பார். அவருக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான்: கெட்டது நல்லதோடு சேர்ந்து கிடப்பது. அதைப் பார்த்துவிட்டால் அது யார் வீடு, யார் கடை என்றெல்லாம் யோசிக்கமாட்டார். உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை தாம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூரி சாப்பிட உட்கார்ந்தோம், நானும் அக்காவும் அக்காவின் பெண்ணும். கடைக்காரர் அடுப்புக்குக் கீழேயிருந்து ஒரு அண்டாவை இழுத்தார். முந்தின நாள் வேகவைத்து மூடிவைத்த கிழங்கு. அக்கா எழுந்துபோய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“அண்ணா, இது நேத்து வேவவெச்சது. சூட்டோட மூடி வெச்சிக்கீறீங்க. உள்ளுக்குள்ளயே புழுங்கிக்கினு கெடக்குது. இத மசிச்சு மஞ்சத்தூள் போட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனப்பா?”

“யம்மா, வேணும்னா துன்னு, இல்லன்னா எய்ந்து போ. காலைல வந்து பேஜார் பண்ணாத.”

நாங்கள் எழுந்து வந்தோம். மற்ற ஆறேழு பேர் எழவில்லை. அக்காவை வேடிக்கை பார்த்துக்கொண்டே பூரியைப் பிய்த்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. கெட்டுப்போனதைப் போட்டவருக்கு இல்லாத வெட்கம் எனக்கெதற்கு வந்தது என்று இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் தொழிலில் வந்தது. தினமும் தாம்பரத்தில் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பம்மல் போவார். அங்கே ஒரு சிப்ஸ் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் தோல் பதனிட்ட ஷெட், நான்கு பெரிய வாணலி, சீவுகிற மெஷின் இரண்டு, பத்துப் பன்னிரண்டு பெண்கள். மழை பெய்தால் தரையிலிருந்து இன்னும் தோல் வாடை கிளம்பும் என்பார். லாரியில் வந்து இறங்கும் கிழங்கைப் பிரிப்பது அவர் வேலை. அழுகினது, வெட்டுப்பட்டது, முளை விட்டது, பச்சை ஏறினது எல்லாம் ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

“பாக்கெட்ல ஒரே ஒரு பச்ச வில்ல போயிட்ச்சுன்னாலும் என் பேரு கெட்டுப்பூடும் டீச்சர்.”

எந்த பாக்கெட்டில் அவர் பெயர் இருந்தது? உப்பின் அளவு, எண்ணெயின் அளவு எல்லாம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரித்தவர் பெயரைப் போட்ட பாக்கெட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்வார், முதலாளியே தன்னை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார் என்பது போல.

ஒதுக்கினதை மூட்டையாகக் கட்டுவதும் அவர்தான். அக்காவுக்கு இடதுகைப் பழக்கம். நீல நிற பிளாஸ்டிக் கயிற்றை மூட்டை வாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, மற்றவர்கள் வலப்பக்கம் இழுப்பதை இடப்பக்கம் இழுத்து, நுனியை உள்ளே செருகி ஒரு முடிச்சுப் போடுவார். ஒருநாள் என் வீட்டுக் குப்பைப் பையை அப்படிக் கட்டிக் காட்டினார். நான் நகம் உடைய முயன்றும் அவிழவில்லை. அவர் இடதுகையால் எங்கேயோ ஒரு இழுப்பு இழுத்தார், அப்படியே விட்டுக்கொடுத்தது.

“எதுக்குக்கா இவ்வளவு கஷ்டமான முடிச்சு?”

“வேணாம்னு ஒதுக்குனத எவனும் சும்மா அவுத்துப் பாத்து எடுத்துக்கினு பூடக்கூடாது. அதுக்குத்தான். அவுக்கணும்னா நான் வரணும், இல்ல கத்தி வரணும்.”

“அந்த மூட்டையை எல்லாம் என்ன பண்ணுவாங்க?”

“குழி வெட்டி மூடிடறாங்களாம். மொதலாளி சொல்லிக்கீறாரு. மாட்டுக்கும் போடக்கூடாதுன்னு நான் கண்டிசனா சொல்லிட்டேன்.”

அவர் நம்பினார். நானும் நம்பினேன். ஆளை விட்டு விசாரிக்கவா போகிறோம்?

என் வீட்டில் அக்கா நடத்திய சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஃப்ரிட்ஜைத் திறந்து, காய்கறித் தட்டிலிருந்து கிழங்கை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். குளிரில் வைத்தால் இனிப்பு ஏறிக்கொள்ளுமாம், வறுத்தால் கறுத்துப்போகுமாம். கம்பெனியில் அப்படி ஒரு லோடு வந்து வாணலி வாணலியாகக் கருகியதைப் பார்த்தவர். இன்னொரு நாள், நான் கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டு ஊறவைத்த தண்ணீரை சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார்.

“சத்தையெல்லாம் சாக்கடைல ஊத்திட்டு சக்கையத் துன்னுட்டு, அப்பறம் கெய்ங்குல இன்னா கீதுன்னு கேப்பீங்க. தோலோட முழுசா வேவவெச்சு சூடா உரிச்சா கை சுடும், அதான? கொஞ்சம் சுட்டாத்தான் இன்னா?”

என் கணவருக்குச் சர்க்கரை வந்த புதிது. கிழங்கே வாயு, கிழங்கே விஷம், வீட்டுப்பக்கமே வரக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் சோறு குவிந்து கிடந்தது. முந்தின வாரம் வரை அதே குவியலுக்கு அரைத் தட்டு கிழங்கு வறுவலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட மனிதர். அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்.

“சார், கெய்ங்கு இன்னா சார் பண்ணிச்சு உங்கள? அதுவும் சோறு மாதிரிதான். அதத் துன்னா இதக் கொறைக்கணும். சோத்தையும் கொறைக்காம, அதையும் எண்ணெயில முக்கி முக்கித் துன்னுட்டு, ஒடம்பு கெட்டதும் கெய்ங்கு மேல பழி போட்டா இன்னா ஞாயம்? ஒண்ணே ஒண்ணு வேவவெச்சு, கூட கீரையும் பருப்பும் வெச்சுக்கினு, அன்னிக்கி சோத்தப் பாதி ஆக்குங்க. அப்பறம் டாக்டராண்ட கேளுங்க.”

கிழங்கை யாராவது பழித்தால், பெற்ற பிள்ளை மேல் யாரோ கைநீட்டிவிட்ட மாதிரி அவருக்கு முகம் சிவக்கும். அந்தம்மாவை நான் இல்லாதபோது கூப்பிட்டுக்கொள் என்று என் கணவர் பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் சோற்றைக் குறைத்தார்.

அக்காவின் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் நான்தான் கரஸ்பாண்டன்ட்டிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தேன். அது அக்காவுக்குப் பெரிய விஷயம். இதை நான் அடிக்கடி அவருக்கு நினைவுபடுத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். பள்ளியிலேயே மதியச் சாப்பாடு. வியாழக்கிழமை சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வியாழக்கிழமை ஒரு பிள்ளையும் லீவு எடுக்காது.

அந்தப் பெண் இரண்டு மூன்று வியாழக்கிழமை, “வறுவல் கசக்குதும்மா, நாக்கு என்னவோ பண்ணுது” என்றாளாம். வெந்தயத்தைத் தீய்த்திருப்பார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். தன் பெண் தின்றதில் மட்டும் அவருக்குக் கிழங்கு மேல் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? பள்ளிக்கூடம் ஆயிற்றே.

ஒரு வியாழக்கிழமை மதியம் ராங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டார். இடது கையால் போடுகிறாரே என்று வகுப்பு ஆசிரியை பார்த்ததைக் கவனித்து வெட்கப்பட்டார். பிறகு என்னோடு பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். அங்கேதான் சமையல் ஷெட். வாசலில் மூன்று மூட்டை. ஒன்றின் வாய் அறுபட்டுக் காலியாகிக் கிடந்தது. மற்ற இரண்டின் வாயிலும் நீலக் கயிறு.

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மூட்டைக்குப் பக்கத்தில் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார், அந்த நல்ல புடவையோடு.

சமையல்காரம்மா வெளியே வந்து, “யம்மா, எய்ந்துரு, மூட்ட மேல உக்காந்துகினு” என்றார்.

“இது நான் கட்னது.”

“இன்னா நீ கட்னது? கட்னவன் கையில கட்ட மொளைக்க, வாராவாரம் கத்தி போட்டு அறுக்க வேண்டிக்கீது.”

“வாராவாரமா?” என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சத்தம் கேட்டுக் கரஸ்பாண்டன்ட் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அவரோடு கூடவே நான்கைந்து அம்மாக்களும் வந்து நின்றார்கள்.

“என்னம்மா ப்ராப்ளம்? கிச்சன் பக்கம் பேரன்ட்ஸ் வரக்கூடாதுன்னு ரூல் இருக்கு.”

“சார், இது பம்மல் கம்பெனில நான் வேணாம்னு ஒதுக்கிக் கட்னது. குழியில போட்டு மூடறதுன்னு சொன்னாங்க. இங்க புள்ளைங்க தட்டுக்கு எப்பிடி வந்துச்சு?”

“மார்க்கெட்ல ஒருத்தர் சப்ளை பண்றார்ம்மா. மூட்டைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“ஒரே மாதிரின்னா நீங்க அவுருங்க சார்.”

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். இரண்டு விரலால் முயன்றார், நான்கு விரலால் முயன்றார். சமையல்காரம்மாவைப் பார்த்துக் கத்தி என்று சைகை காட்டினார். கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா இடதுகையால் ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு விட்டது. மூட்டையைச் சாய்த்தார். தரையில் உருண்டது எல்லாம் பச்சை. அங்கங்கே புள்ளியாக இல்லை, பக்கம் பக்கமாகப் பாய்ந்த பச்சை. கண்ணுக்குக் கண் விரல் நீளத்துக்கு முளை.

அப்போதுதான் கரஸ்பாண்டன்ட் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், நீங்கதான் சயின்ஸ். நீங்களே சொல்லுங்க. தோலைச் சீவிட்டுத்தானே யூஸ் பண்றோம்? சீவிட்டா ஒண்ணும் இல்லைதானே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். எனக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால் கிழங்கில் பச்சை ஏறும். அந்தப் பச்சை நிறம் விஷமில்லை. ஆனால் அது இருக்கிற இடத்தில் கசப்பான ஒரு நஞ்சும் சேர்ந்து ஏறியிருக்கும், முளையிலும் முளைக்கண்ணிலும் அது இன்னும் அதிகம். வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சின்னப் புள்ளி என்றால் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். இந்த மாதிரி முழுக்கப் பாய்ந்ததைத் தூக்கித்தான் எறிய வேண்டும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் போதும், வயிறு புரட்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பரீட்சைக்குக் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

“கொஞ்சம் ஆழமா சீவினா பரவாயில்லை சார்” என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷெட்டுக்குள் போனார். அன்றைய வறுவல் ஏற்கெனவே முதல் மூட்டையிலிருந்து ஆகியிருந்தது. ஒரு தட்டில் இரண்டு கரண்டி எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார்.

“அப்ப நீங்க துன்னுங்க டீச்சர்.”

நான் தட்டை வாங்கினேன். முதல் வாயிலேயே கசந்தது. மிளகாய்த்தூளுக்கும் பெருங்காயத்துக்கும் அடியில், தொண்டையைப் பிடிக்கிற ஒரு கசப்பு. கரஸ்பாண்டன்ட் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு லோன் நினைவுக்கு வந்தது, என் வேலை நினைவுக்கு வந்தது. மென்று விழுங்கினேன். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். தட்டைக் காலி செய்தேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அக்கா சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருந்த தன் பெண்ணிடம் போய், தட்டை வாங்கிக் கீழே வைத்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். புத்தகப் பையைக்கூட எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்கள். “ஏதோ கம்பெனித் தகராறு போலிருக்கு, இங்க வந்து காட்டுது” என்றார் நின்றிருந்த அம்மாக்களில் ஒருவர். அந்த அம்மாவின் பிள்ளையும் அதே வரிசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலத்திலிருந்து எனக்கு வாந்தி. வயிற்றைப் பிசைந்து பிசைந்து எடுத்தது. மறுநாள் போகவில்லை. லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன். என் வகுப்பில் நாலைந்து பேர் அன்றைக்கு வரவில்லையாம். வெளியில் பானிபூரி தின்றிருப்பார்கள் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்களாம். பாவம் பானிபூரி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, ஆராதனைக்குப் போகவும் எனக்குத் தெம்பில்லை. அக்கா வந்தார். என்னிடம் வாங்கியிருந்த இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். பள்ளியிலிருந்து விஷயம் போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமையே கம்பெனியில் அவரை நிறுத்திவிட்டார்களாம். பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகிறாராம்.

“ஒடம்புக்கு இன்னா டீச்சர்?”

“காய்ச்சல்க்கா.”

“என்கிட்டயுமா டீச்சர்?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் படுத்திருந்த நாட்களில் கடைக்குப் போனவர் என் கணவர். வெங்காயமும் கிழங்கும் பழையபடி ஒன்றாகக் கிடந்தன. அக்கா அதைப் பார்த்தார். திட்டவில்லை. உட்கார்ந்து பிரித்தார். பச்சை ஏறியிருந்த மூன்றைத் தனியாக எடுத்து ஒரு கவரில் போட்டு, வாயைச் சுருட்டி, இடப்பக்கமாக இழுத்து முடிச்சுப் போட்டார்.

“குப்பையில போட்டுடுங்க. மாட்டுக்குப் போடாதீங்க.”

“என் மேல கோவமாக்கா?”

எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டார்.

“நான் நாலாங்கிளாஸ்தான் படிச்சேன் டீச்சர். நான் கத்துனா சண்டக்காரின்னுட்டு பூடுவாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதான் உங்களத் துன்னச் சொன்னேன். ஒரு வாய் வெச்சதும் துப்பிடுவீங்கன்னு நெனச்சேன்.”

தண்டிப்பதற்காகத் தட்டை நீட்டினார் என்றுதான் மூன்று நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அவர் மேல் கோபம்கூட வைத்திருந்தேன். அவரோ என்னை நம்பி நீட்டியிருக்கிறார். அவர் படி இறங்கிப் போனார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த வியாழக்கிழமை காலை பள்ளி வாசலில் ஒரு அம்மா சமையல்காரம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“போன வாரம் ஏதோ கிழங்கு விஷயமா பிரச்சினைன்னு சொன்னாங்களே? அன்னைக்கு என் பொண்ணு ராத்திரி பூரா வாந்தி எடுத்தா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சயின்ஸ் மிஸ்ஸே ஒரு தட்டு துன்னு பாத்துட்டு நல்லாக்கீதுன்னாங்க. எங்க கரஸ்பாண்டன்ட் சாரே சொன்னாரு, யார்னா கேட்டா அதச் சொல்லுன்னு.”

நான் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நேராகப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் புதிதாக இரண்டு மூட்டை இறங்கியிருந்தது. சாதாரண முடிச்சு. யார் இழுத்தாலும் வரும். இழுத்தேன், வந்தது. உள்ளே அதே பச்சை, அதே முளை. முடிச்சு மட்டும்தான் மாறியிருந்தது. இனிமேல் இதை அடையாளம் கண்டுகொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை. நல்லது என்று சாட்சி சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது, அது நான்.

திரும்பி வாசலுக்கு வந்தேன். பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் அதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

“நான் சாப்பிட்டது உண்மை. முதல் வாயிலேயே கசந்தது. வேலை போயிடும்னு பயந்துகிட்டு முழுங்கினேன். ரெண்டு நாள் வாந்தி எடுத்தேன். காய்ச்சல்னு லெட்டர்ல பொய் எழுதினேன். அந்தக் கிழங்கைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு சீவினாலும் கொடுக்கக் கூடாது. அன்னைக்கு மூட்டையை அவுத்துக் காட்டின அம்மா சொன்னதுதான் சரி.”

இதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் தாமதமாக வந்த வார்த்தை. யார் காதில் விழ வேண்டுமோ அவர் பள்ளிக்கரணைக்குப் போய்விட்டிருந்தார். அந்த ஒரு வாரத்தில் ஒரு பெண் வேலையை இழந்தார், ஒரு குழந்தை பள்ளியை நடுவில் விட்டது.

அன்று வறுவல் இல்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் முட்டைக்கோஸ் போட்டார்கள். பிள்ளைகளுக்கு என் மேல் ஒரே கோபம், “உங்களாலதான் மிஸ்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அடுத்த கல்வியாண்டில் என்னை வர வேண்டாம் என்றார்கள், குரல் உயர்த்தாமல், மிகுந்த மரியாதையோடு. இப்போது சேலையூர்ப் பக்கம் வேறொரு பள்ளி. இங்கும் ஐந்தாம் வகுப்புதான், அதே அயோடின் சொட்டுத்தான். கூடவே பச்சை ஏறிய கிழங்கு ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். பாடத்தில் இல்லாததை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டார்கள். கேட்டவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அந்தப் பள்ளி வாங்காமல் விட்ட மூட்டைகள் குழிக்குப் போயிருக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் இப்போது அப்பாவி இல்லை. வேறு ஏதாவது ஹாஸ்டலுக்கு, வேறு ஏதாவது கேன்டீனுக்குப் போயிருக்கும். தோல் சீவி, மிளகாய்த்தூள் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பெரிய கடைகளில் கிழங்கைப் பளபளவென்று கழுவி, கண்ணாடிக் கவரில் போட்டு, நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் காய வைக்கிறார்கள். பச்சை பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மண்ணோடு கோணிக்குள் இருப்பதை அழுக்கு என்று ஒதுக்கிவிட்டு, கழுவினதைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். நான் கவரைத் திருப்பிப் பார்த்துச் சண்டை போடுகிறேன். எங்கள் தெருவில் எனக்கு இப்போது என்ன பெயர் என்று தெரியும். சண்டைக்காரி.

தாம்பரம் மார்க்கெட்டில் கிழங்கு மூட்டை எங்கே இறங்கினாலும் என் கால் நின்றுவிடுகிறது. முதலில் கயிற்றின் நிறத்தைப் பார்ப்பேன். நீலம் என்றால் பக்கத்தில் போய், கடைக்காரர் முறைப்பதைப் பொருட்படுத்தாமல், முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஒன்றாவது என் கைக்கு வராமல் போனால், அக்கா எங்கேயோ உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடுகின்றன.